விலகியது நந்தி

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். "உள்ளே விடாத கோயிலின் சாமியை இன்னும் எதற்குக் கும்பிடுகிறீர்கள்?" என்று சென்ற வாரம் ஒரு வாசகர் கேட்டிருந்தார். நான் சேரியில் பிறந்தவன். எழுபது வயதிலும் தினம் திருநீறு பூசுகிறவன். பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் திருவிழாவில் அம்மா தெருவில்தான் நிற்பாள். பூசாரி கை பட்டுவிடாமல் மேலிருந்து திருநீற்றைப் போடுவார். பாதி உள்ளங்கையில் விழும், பாதி மண்ணில். அம்மா குனிந்து மண்ணோடு கிள்ளியெடுத்து என் நெற்றியில் பூசுவாள். எனக்கு அவமானமாக இருக்கும். "ஏம்மா பொறுக்குற?" என்று ஒருமுறை கேட்டேன். "போட்டதுதான்டா அவரு. குடுத்தது ஆத்தா" என்றாள்.

பிறகு ஒரு வருடம் எங்கள் ஆட்கள் உள்ளே போவோம் என்று நின்றதில் தகராறாகி, வட்டாட்சியர் அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தை நடந்தது. "உங்கள் தெருவிலேயே தனிக் கோயில் கட்டித் தருகிறோம், கையெழுத்துப் போடுங்கள்" என்றார்கள். ஆண்களே தயங்கி நின்றோம். அம்மாதான் எழுந்து, "எங்க ஆத்தா அங்க இருக்கா, இங்க யாரை வைப்பீங்க?" என்று கேட்டாள். பக்தி மனிதனை அடங்கிப்போக வைக்கும் என்கிறவர்கள் அன்று அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

எங்களுக்குப் பக்கத்தில்தான் திருப்புன்கூர். எங்களைப் போலவே ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்து, உள்ளே போக முடியாமல் வெளியே நின்ற நந்தனார் தரிசிப்பதற்காக இறைவன் நந்தியை விலகச் சொன்ன தலம். இன்றைக்கும் அங்கே நந்தி நேராக இல்லாமல் ஒதுங்கித்தான் இருக்கிறது. ஆனால் தில்லையில் அவர் தீயில் மூழ்கிப் பூணூலோடு எழுந்தார் என்பதை என்னால் ஏற்க முடிந்ததில்லை. வகுப்பில் நடத்தும்போதெல்லாம் தொண்டை அடைத்துக்கொள்ளும். மாற வேண்டியது அவர் உடம்பா? எனக்குத் திருப்புன்கூர் நந்தனார் போதும். அவர் பெயரில்தான் சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கினார். என் தாய்மாமன் அங்கே படித்தவர். எங்கள் தெருவில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள்.

அண்ணல் அம்பேத்கர் 1930இல் நாசிக் காலாராம் கோயில் வாசலில் போராட்டம் தொடங்கினார். கடைசியில் 1956இல் பௌத்தம் தழுவினார். அந்த முடிவை வணங்குகிறேன். என் தம்பியே ஞாயிறுதோறும் சர்ச்சுக்குப் போகிறான். அவனிடம் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால், "கோத்திரமும் குலமும் கொண்டு என் செய்வீர்" என்று அப்பர் கேட்டது வாசலை மறிக்கிறவர்களைப் பார்த்து. வெளியேற வேண்டியவன் நான் என்று எனக்குத் தோன்றவில்லை.

சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுச் சட்டம் 1947இலேயே வந்துவிட்டது. இன்னமும் தகராறு என்றால் அதிகாரிகள் பூட்டைத்தான் தேடுகிறார்கள். விழுப்புரம் மாவட்டம் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்கு 2023 ஜூனில் சீல் வைத்தார்களே! தடுத்தவர்களைக் கைது செய்வதை விட்டு, அம்மனை அடைத்துவைத்தது என்ன நியாயம்?

வரும் ஆடித் திருவிழாவில் அம்மாவின் பித்தளைத் தட்டோடு நானும் என் பேத்தியும் முன்வாசல் வழியாகப் போகிறோம். காவல் நிலையத்தில் மனு கொடுத்து ரசீதும் வாங்கியாயிற்று.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
சீர்காழி வட்டம்.