ரசிகர் குழுக்களின் வசைமொழி

ஆசிரியருக்கு,

மகளிர் கிரிக்கெட் குறித்த தங்கள் தலையங்கம் படித்தேன். 2022-இல் கிரிக்கெட் வாரியம் ஆட்ட ஊதியத்தை ஆடவருக்கு இணையாக்கியது. 2025 நவம்பர் 2 அன்று நவி மும்பையில் தென்னாப்பிரிக்காவை 52 ரன்கள் வித்தியாசத்தில் வென்று நம் மகளிர் உலகக் கோப்பையை ஏந்தினர். இணையத்தில் ரசிகர் கூட்டத்தின் நாக்கு மட்டும் மாறவில்லை. வீராங்கனை ஒரு கேட்சைத் தவறவிட்டால் 'சமையலறைக்குப் போ' என்கிறார்கள். ஆண் வீரர் சொதப்பினாலோ அவர் படத்துக்குச் சேலை கட்டி, திருநங்கையரையும் தன்பாலீர்ப்பாளரையும் இழிக்கும் சொற்களால் ஏசுகிறார்கள். பெண்ணாக இருப்பதே தோல்வியின் அடையாளம் என்ற எண்ணம்தான் இரண்டுக்கும் வேர். 2016-இல் தன் ஆட்டத்தோடு முடிச்சுப் போட்டு நடிகை அனுஷ்கா சர்மாவைத் தூற்றியவர்களை விராட் கோலி வெளிப்படையாகக் கண்டித்தார். அத்தகைய குரல்கள் இன்னும் அரிதாகவே எழுகின்றன.

பள்ளி அணியில் பந்து வீசும் என் மகள், ஆசையாகச் சேர்ந்த ஐபிஎல் ரசிகர் வாட்ஸ்அப் குழுவிலிருந்து இரண்டே வாரத்தில் விலகிவிட்டாள். காரணம் கேட்டபோது கைப்பேசியை என்னிடம் நீட்டினாள்; என்னால் முழுதும் படிக்க முடியவில்லை. ஐபிஎல் அணிகள் தங்கள் அதிகாரப்பூர்வப் பக்கங்களில் இத்தகைய பின்னூட்டங்களை உடனுக்குடன் நீக்கி, திரும்பத் திரும்ப எழுதுவோரைத் தடை செய்ய வேண்டும். அணித் தலைவர்களே அதை அறிவித்தால் ரசிகர்கள் செவிசாய்ப்பார்கள்.

– ஒரு வாசகி, விருதுநகர்