நான் எங்கே மன்னித்தேன்?

எங்கள் ஊர் அலுவலகத்தாருக்கு,

வணக்கம். எந்த ஊர், எந்த அலுவலகம் என்று பெயர் போடவில்லை. நீலகிரியில் ஒரு சரிவு என்றால் போதும், படிக்கும்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

எங்கள் வீட்டுக்கு மேலே இருக்கிற இடத்தில் ராவோடு ராவாக பொக்லைன் வைத்துச் சரிவைச் செங்குத்தாக வெட்டினார்கள், அடுத்த மழையில் மண் இறங்கி என் கேரட் பாத்தி நாலும் மூடிப்போய், பின்னால் இருக்கிற தடுப்புச்சுவர் வயிறு தள்ளி நிற்கிறது. மனு கொடுத்தேன். நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது: மனுதாரர் எதிர்தரப்பினரை மன்னித்துவிட்டபடியால் மேல்நடவடிக்கை கைவிடப்படுகிறது.

நான் எங்கே மன்னித்தேன்? உங்கள் ஆள் ஒருவர் வந்து டீ குடித்துவிட்டு, "நாளைக்கு முகத்தில முழிக்கணும்ல, பெரிய மனசு பண்ணி விட்டுடுங்கண்ணா" என்றார். "சரி, பார்ப்போம்" என்றேன். அவ்வளவுதான். 'சரி, பார்ப்போம்' எந்த அகராதியில் மன்னிப்பு ஆனது?

தமிழில் இதற்குச் சொல் பஞ்சமா என்ன? பொறுத்தல் என்றால் பாரம் தாங்குவது, அதாவது சுமை இன்னும் இறங்கவில்லை, தோளில்தான் இருக்கிறது என்று அர்த்தம், என் தடுப்புச்சுவர் இப்போது செய்துகொண்டிருப்பது அதைத்தான். விட்டுவிடுவது சலிப்பில் வருவது. 'போனால் போகுது' என்பதில் கொஞ்சம் இளக்காரமும் உண்டு. மன்னிப்பு அப்படி இல்லை, அது கேட்டுக் கொடுப்பது, கேட்கிறவர் வாயைத் திறந்து 'இதைச் செய்தது நான்' என்று முதலில் சொல்லியாக வேண்டும். மேல்வீட்டுக்காரரோ இன்றுவரை என்னைப் பார்த்தால், "என்னண்ணா, மழை வருமா?" என்றுதான் கேட்கிறார்.

இந்த மலையிலேயே பார்க்கலாம். படகர்களின் பழைய இறுதிச்சடங்கில் ஒரு பெரியவர் எழுந்து, இறந்தவர் பல்லியைக் கொன்றிருந்தால் அது பாவம், பாம்பைக் கொன்றிருந்தால் அது பாவம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போவார், கூடியிருப்பவர்கள் 'பாவம்' என்று திருப்பிச் சொல்வார்கள், எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் அந்தப் பாவங்களைச் சுமந்து போக ஒரு கன்றுக்குட்டியை அவிழ்த்துவிடுவார்கள். பல்லிக்கே தனியாக ஒரு வரி உண்டு. உங்கள் கடிதத்தில் பொக்லைன் என்ற வார்த்தைகூட இல்லை.

நீங்கள் செய்ததற்குப் பெயர் கண்டும் காணாமல் விடுவது. அதை உங்கள் பெயரில் செய்யுங்கள், என் பெயரில் வேண்டாம்.

குறளைச் சொல்லி என்னை மடக்கலாம் என்று நினைக்க வேண்டாம். 'அகழ்வாரைத் தாங்கும் நிலம்' என்று வள்ளுவர் சொன்னது சமவெளி நிலத்தை மனதில் வைத்து என்றே எனக்குத் தோன்றுகிறது, இங்கே நிலம் அகழ்வாரையும் தாங்காது, கீழே தூங்குகிறவரையும் தாங்காது. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்து மாவட்டம் முழுக்கச் சரிந்ததே, அப்போது செத்தவர்களில் வீட்டுக்குள் படுத்திருந்தவர்கள்தான் அதிகம். உங்களுக்கு உண்டானது வேறு அதிகாரம், கண்ணோட்டம். இப்போது அந்தச் சொல்லைப் பார்வை, அபிப்பிராயம் என்ற அர்த்தத்தில் சர்வசாதாரணமாகப் பயன்படுத்துகிறோம், குறளில் அது இரக்கத்தோடு பார்ப்பது. ஆனால் அங்கேயே ஒரு நிபந்தனையும் போட்டிருக்கிறார்: 'கருமம் சிதையாமல் கண்ணோட வல்லார்'. இரக்கப்படு, ஆனால் வேலை கெடக்கூடாது. உங்கள் வேலை அந்தச் சரிவு.

அபராதம் போட்டே ஆக வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நிற்கவில்லை. மண்ணை அள்ளச் சொல்லுங்கள், மேலே தண்ணீர் போக ஒரு கால்வாய் வெட்டச் சொல்லுங்கள். அவர் வந்து செய்தது தப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் மன்னிப்பதைப் பற்றி நானும் என் மனைவியும் பேசிக்கொள்வோம், அது எங்கள் வீட்டுச் சமாச்சாரம்.

அதுவரைக்கும் அந்தக் கோப்பைத் திரும்ப எடுத்து, 'மன்னித்துவிட்டபடியால்' என்பதை அடித்துவிட்டு, 'மனுதாரர் பொறுத்துக்கொண்டிருக்கிறார்' என்று எழுதுங்கள். திங்கட்கிழமை நேரில் வருகிறேன். சுவரின் போட்டோவும் கொண்டு வருகிறேன், விரிசலில் இப்போது என் கட்டைவிரல் நுழைகிறது.

இப்படிக்கு,
கீழ்வீட்டுக்காரன்