மழைக்கால முன்பதிவும் ஆட்சியரின் ஆணையும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

தக்கலையிலிருந்து ஜேசிபி, டிப்பர், ஜெனரேட்டர் ஆகியவற்றை வாடகைக்கு அனுப்பிவரும் எங்களிடம், ஐப்பசி, கார்த்திகை மாதங்களுக்கு முன்பதிவு செய்ய வருகிறவர்கள் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்கிறார்கள். முன்பணம் கொடுத்த பிறகு, வெள்ளம் என்று சொல்லி அரசு வண்டியை எடுத்துக்கொண்டால் எங்கள் வேலை என்னாகும் என்பதுதான் அது. இவ்வளவு நாளும் வாய்ப்பேச்சாகச் சொல்லிவந்த பதிலை இந்த ஆண்டு எழுத்தில் தருவதே முறை என்று எண்ணி இம்மடலை எழுதுகிறோம்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் நம் கன்னியாகுமரி மாவட்டத்தைத் தாக்கியபோது நடந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறோம். ரப்பர் விளைகளிலும் (தோட்டங்களிலும்) சாலைகளிலும் மரங்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்க, மின்கம்பங்கள் சாய்ந்து ஊர் முழுவதும் இருட்டாக இருந்த அந்த வாரத்தில், இரணியல் பக்கம் ஒரு திருமணத்துக்கு ஞாயிற்றுக்கிழமைக்கென்று ஜெனரேட்டர் ஒப்புக்கொண்டிருந்தோம். வெள்ளிக்கிழமை மாலை ஓர் அலுவலர் வந்து, குடிநீர்த் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற ஜெனரேட்டர் உடனே வேண்டும் என்றார். மறுபேச்சின்றி அனுப்பினோம். ஆணை எதையும் நாங்கள் கேட்கவில்லை. புறப்படும்போது, எத்தனை மணி நேரம் ஓடியது என்று கணக்கிடும் மணிமீட்டர் எவ்வளவு காட்டியது என்றுகூடக் குறித்துவைக்கவில்லை. பெண்ணின் தகப்பனாருக்குச் சனிக்கிழமை இரவில்தான் செய்தி சொன்னோம். அவர் கோபப்படவில்லை, வாடகை ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பெட்ரோமாக்ஸ் விளக்குக்கு ஆள் தேடிப் போனார். தண்ணீர் ஏறிய ஊருக்கு ஜெனரேட்டர் போனதில் எங்களுக்கு இன்றும் வருத்தமில்லை. அவரிடம் ஒரு நாள் முன்னதாகச் சொல்லாததிலும், ஏன் தர முடியவில்லை என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட எங்கள் கையில் இல்லாததிலும்தான் வருத்தம். பின்னர் வாடகை கேட்டுப் போனபோது, எழுத்தில் ஒன்றும் இல்லை என்ற பதிலே எங்களுக்கும் கிடைத்தது.

அதற்குப் பிறகுதான் சட்டத்தைப் படித்தோம். 2004 டிசம்பர் 26 அன்று குளச்சலையும் மணக்குடியையும் சுனாமி அழித்தபோது நாடு முழுவதற்குமான இப்படியொரு சட்டம் இல்லை. மறு ஆண்டு டிசம்பரில்தான் பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005 வந்தது. நம்மில் பலர் இதை "எமர்ஜென்சி" என்று சொல்வதுண்டு, அது சரியன்று. அரசியலமைப்பின் 352-ஆம் பிரிவு கூறும் நெருக்கடிநிலைக்குப் போர், வெளிநாட்டு ஆக்கிரமிப்பு, ஆயுதக் கிளர்ச்சி ஆகியவையே காரணங்களாகும். புயலும் வெள்ளமும் அதில் இல்லை. பேரிடர்க் காலத்தில் மாவட்ட ஆட்சியர் பயன்படுத்தும் அதிகாரம், அவர் தலைவராக இருக்கும் மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கு மேற்சொன்ன 2005-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த அதிகாரமே. ஆகவே அதற்கு எல்லையும் உண்டு, கணக்கும் உண்டு.

அச்சட்டத்தின் 34-ஆம் பிரிவு, பாதிக்கப்பட்ட பகுதிக்குள் வண்டிகளும் ஆட்களும் செல்வதைக் கட்டுப்படுத்தவும், இடிபாடுகளை அகற்றவும் ஆணையத்துக்கு உரிமை தருகிறது. குழித்துறை ஆற்றில் வெள்ளம் ஏறிச் சாலையை அடைத்திருக்கும் வேளையில், வேறு வழியாகச் சுற்றியாவது ஜேசிபியைக் கொண்டுவாருங்கள் என்று நீங்கள் வற்புறுத்தினாலும் எங்கள் ஆப்பரேட்டரால் வர இயலாது. ஆணையத்தின் பணிக்கு நியாயமான காரணமின்றித் தடையாக இருப்பவருக்கும், அதன் உத்தரவை ஏற்க மறுப்பவருக்கும் 51-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறைத்தண்டனையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். அதனால் உயிரிழப்போ உயிருக்கு ஆபத்தோ நேர்ந்தால் தண்டனை ஈராண்டு வரை நீளும்.

எங்கள் தொழிலை நேரே தொடுவது 65-ஆம் பிரிவு. மீட்புப் பணிக்குத் தேவை என்று கருதினால் பொருள்களையும் கட்டடங்களையும் வாகனங்களையும் தற்காலிகமாகக் கையகப்படுத்த, ஆணையத்துக்கும் அது அதிகாரமளித்த அலுவலருக்கும் உரிமை உண்டு. ஆனால் அது எழுத்துப்பூர்வமான ஆணையின் வழியாகவே இருக்க வேண்டும் என்றும், தேவை முடிந்த பின் கையகப்படுத்தல் நீளக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. அடுத்த பிரிவு இழப்பீட்டைப் பற்றியது. கட்டடமாயின் அவ்வட்டாரத்தில் அதற்குக் கிடைக்கும் வாடகையும், வாகனமாயின் அவ்வட்டாரத்தில் வழக்கிலிருக்கும் வாடகை விகிதமும் கணக்கில் கொள்ளப்படும். தவணை முடியும்வரை உரிமை வேறொருவரிடம் இருக்கும் வாடகைக் கொள்முதல் முறையில் ஓடும் வண்டிக்கு வரும் தொகையை, வண்டியை வைத்திருப்பவரும் உரிமையாளரும் தங்களுக்குள் பேசிப் பிரித்துக்கொள்ளலாம்; ஒத்துவராவிட்டால் அரசு நியமிக்கும் நடுவர் தீர்மானிப்பார். ஜெனரேட்டர் கட்டடமும் அன்று, வாகனமும் அன்று. அதை எடுக்க 65-ஆம் பிரிவில் இடமிருந்தாலும், அதற்கு என்ன விகிதம் என்று 66-ஆம் பிரிவு வெளிப்படையாகச் சொல்லவில்லை. இது சட்டத்தில் உள்ள குறை என்றே நாங்கள் கருதுகிறோம். எனவே ஜெனரேட்டர் கொடுக்கும்போது நாள் வாடகையையும் டீசல் யார் பொறுப்பு என்பதையும் ஆணையிலேயே குறித்துத் தருமாறு கேட்போம்.

இனி உங்கள் முன்பதிவுக்கு வருவோம். உயிரைக் காக்கும் வேலை முதலில், மற்றவை பின்னர் என்பதில் மாற்றமில்லை. கரை உடைந்த இடத்துக்கு வண்டி வேண்டுமென்றால் ஆணை கைக்கு வரும்வரை காத்திருக்க மாட்டோம், வண்டியை அனுப்பிவிட்டு ஆணையைப் பின்தொடர்ந்து வாங்குவோம். ஆனால் வண்டி எங்கள் இடத்தை விட்டுப் புறப்படும் முன் மணிமீட்டர் எண்ணையும் டீசல் அளவையும் லாக் புத்தகத்தில் எழுதிப் படமெடுத்துவைப்போம். உங்களுக்கு அந்த நிமிடமே தொலைபேசியில் சொல்வோம். ஆணை வந்ததும் அதன் நகல் உங்களுக்கு வரும். முன்பணத்தைப் பிடித்தம் ஏதுமின்றித் திருப்பித் தருவோம். இதை நாங்கள் சலுகையாகச் செய்யவில்லை. யாருடைய தவறுமின்றி ஓர் ஒப்பந்தம் நிறைவேற்ற முடியாமல் போனால் பெற்றதைத் திருப்பித் தரவேண்டும் என்பது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்திலேயே உள்ளது. காத்திருக்க இசைபவர்களுக்கு, வண்டி திரும்பியதும் பழைய வாடகையிலேயே முதல் முறை அவர்களுடையது. புயலுக்கு மறுநாள் வாடகையை இரட்டிப்பாக்கும் வழக்கம் இத்தொழிலில் உண்டு. நாங்கள் அதைச் செய்ய மாட்டோம்.

உங்களில் டிப்பர், வேன், திருமண மண்டபம் வைத்திருப்பவர்களும் உண்டு. உங்களிடம் யாரேனும் கேட்டு வந்தால் மனமுவந்து கொடுங்கள். கூடவே ஆணையில் அதிகாரியின் பெயர், பதவி, நாள், நேரம் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். கட்டடத்துக்குத் தீர்மானித்த தொகை போதாதென்று தோன்றினால், நடுவரிடம் அனுப்பக் கோரி 30 நாள்களுக்குள் விண்ணப்பிக்கலாம். மிகைப்படுத்திய கோரிக்கை மட்டும் வேண்டாம். பொய்க்கோரிக்கைக்கு 52-ஆம் பிரிவின்படி ஈராண்டு வரை தண்டனை உண்டு.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பக்கச்சுவர் வெடித்திருக்கும் வீடு, மண் சரியும் விளை, தூர்ந்துபோன ஓடை என்று மழைக்கு முன்பே முடிக்கவேண்டிய வேலை இருப்பவர்கள் புரட்டாசி முடிவதற்குள் சொல்லிவிடுங்கள். கார்த்திகையில் திருமணம், பால்காய்ப்பு (புதுமனை புகுவிழா) வைத்திருப்பவர்கள் ஜெனரேட்டர் பதிவுசெய்யும்போது, மாற்று எண் ஒன்றையும் சேர்த்து எழுதித் தாருங்கள்; ஒக்கியின்போது அந்தத் தகப்பனாரின் தொலைபேசி இரண்டு நாள் கிடைக்கவேயில்லை.

இப்படிக்கு,
வாடகைப் பிரிவு, தக்கலை