எடுத்த ரத்தம் எங்கே இருக்கிறது?

மருத்துவ ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நீலகிரியில் கூடலூர், பந்தலூர் பக்கம் பணியர் என்ற பழங்குடி மக்களின் ஊர்களுக்கு ஆய்வாளர்கள் வரும்போது பேச்சு மாற்றிச் சொல்லக் கூடப் போகிறவன் நான். நீங்கள் சரிபார்த்து அனுப்பும் ஒப்புதல் படிவம் ஊருக்குள் வந்ததும் என்ன ஆகிறது என்பதை நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

போன வருடம் சிக்கிள் செல் சோகைக்காக (ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை நோய்) ரத்தம் எடுக்க ஒரு குழு வந்தது. ஆறு பக்கப் படிவம், தமிழில். பணியர் பேச்சுக்குத் தனி எழுத்து கிடையாது. படிக்கத் தெரியாதவருக்குத் தமிழ் என்ன, இங்கிலீஷ் என்ன? நான் வாயால் சொல்லிக்கொண்டே வந்தேன். நாலாம் பக்கத்தில் ஒரு வரி: 'மாதிரிகள் எதிர்கால ஆய்வுகளுக்காகச் சேமிக்கப்படலாம்.' அதை எப்படிச் சொல்வது என்று நான் திணறுவதற்குள் மைப்பெட்டி அடுத்த ஆளிடம் போய்விட்டது. இடுப்பில் பிள்ளையோடு நின்றபடியே பெண்கள் கைரேகை வைத்தார்கள். ஆளுக்கொரு பிஸ்கட் பாக்கெட். அப்புறம் ஜீப் கிளம்பிவிட்டது. முடிவு இன்னும் வரவில்லை. எடுத்த ரத்தம் இப்போது எங்கே இருக்கிறது என்று ஒரு பாட்டி என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார்.

இந்தியாவில் இந்த நோயின் கூறு முதலில் தெரியவந்ததே 1952-இல், நீலகிரிப் பழங்குடிகளின் ரத்தத்தில்தான். எழுபது வருடத்துக்கு மேலாகக் கொடுத்துக்கொண்டிருப்பவர்களின் கேள்வி இது.

நாலாம் பக்கத்து அந்த ஒரு வரி லேசுப்பட்டதும் அல்ல. அமெரிக்காவில் அரிசோனாவின் ஹவசுபாய் பழங்குடி மக்கள் 1990 வாக்கில் சர்க்கரை நோய் ஆய்வு என்று நம்பி ரத்தம் கொடுத்தார்கள். அதை வைத்து மனச்சிதைவு பற்றியும் அவர்களின் மூதாதையர் எங்கிருந்து வந்தார்கள் என்றும் ஆராய்ந்தது 2003-இல்தான் அவர்களுக்குத் தெரிந்தது. வழக்குப் போட்டு, 2010-இல் 7 லட்சம் டாலரோடு மிச்ச ரத்தத்தையும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

நம்மிடம் விதி இல்லாமல் இல்லை. ஊர்ப் பெரியவர்களையும் அந்த மொழி தெரிந்தவர்களையும் கலந்துதான் ஒப்புதல் வாங்க வேண்டும், தலைவர் சரி என்றாலும் ஒவ்வொருவரையும் தனியாகக் கேட்க வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலே சொல்கிறது. 'கலந்து' என்பதற்கு எங்கள் பக்கம் அர்த்தம், ஜீப் வந்த பிறகு என்னைக் கூப்பிடுவது.

அனுமதி தருவதற்கு முன், அந்த மொழியில் பேசிப் பதிவு செய்த விளக்கத்தை உங்கள் கூட்டத்தில் போடச் சொல்லுங்கள். அந்தச் சனத்தில் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, என்ன புரிந்தது என்று கேளுங்கள். மிச்ச ரத்தத்தை எங்கே, எத்தனை வருடம் வைப்பார்கள், முடிவை எந்த மாதம் யார் கொண்டுவருவார்கள் என்று எழுதி வாங்குங்கள்.

அடுத்த மாதம் இன்னொரு குழு வருகிறதாம், கூப்பிட்டிருக்கிறார்கள். பாட்டிக்கு முதலில் பதில் வரட்டும், பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
கூடலூரிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளன்