பெரியம்மாவின் பட்டியலும் கருவின் நாள்காட்டியும்

அன்புள்ள கயல்விழிக்கு,

மருத்துவர் பத்து வாரம் என்று எழுதித் தந்திருக்க, உன் கணக்கில் எட்டு வாரம்தானே வருகிறது என்று கேட்டிருந்தாய். இரண்டும் சரிதான். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து மருத்துவர்கள் எண்ணத் தொடங்குகிறார்கள். கருமுட்டை வெளிப்படுவதோ அதற்கு ஏறத்தாழ 14 நாட்கள் கழித்து. ஆகவே அவர்கள் சொல்லும் 280 நாட்களில் முதல் இரண்டு வாரங்கள் கருவே இல்லாத காலம். குழந்தை உள்ளே வளர்வது ஏறத்தாழ 266 நாட்கள். இந்தக் கடிதத்தில் நான் கருவுற்ற நாளிலிருந்தே எண்ணப் போகிறேன். உன் பெரியம்மா அனுப்பியிருக்கும் எச்சரிக்கைப் பட்டியலில் எதற்கு அஞ்ச வேண்டும், எதைப் புன்னகையோடு கேட்டுக்கொண்டால் போதும் என்பதை அந்தக் கணக்கைக் கொண்டுதான் தீர்மானிக்க முடியும். விலங்கியல் வாத்தியார் எழுதுகிற கடிதம் சற்று நீளும், பொறுத்துக்கொள்.

பட்டியலில் முதலில் இருப்பது குங்குமப்பூ. குழந்தையின் நிறத்துக்குரிய மரபணுக்கள் கருக்குழாயில் விந்தணுவும் கருமுட்டையும் இணைந்த அந்தக் கணத்திலேயே சேர்ந்துவிட்டன. அதன் பிறகு குடிக்கும் பாலில் எதைக் கலந்தாலும் அவை மாறப் போவதில்லை. பால் மட்டும் குடி. ஆணா பெண்ணா என்பதும் அதே கணத்தில், தந்தையின் விந்தணு கொண்டுவரும் எக்ஸ் அல்லது ஒய் குரோமோசோமால் முடிவாகிவிட்டது. ஆயினும் ஆறாம் வாரம் வரை கருவின் இனச்சுரப்பிகளைப் பார்த்து எது என்று சொல்ல முடியாது. அதற்குப் பிறகுதான், ஒய் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணு இயங்கினால் அவை விந்தகமாகவும், அந்த மரபணு இல்லையென்றால் சூலகமாகவும் மாறத் தொடங்குகின்றன. அந்த மரபணு கண்டறியப்பட்டது 1990-ல்தான். அதற்கு முன்னும், ஏன் அதற்குப் பின்னும், பெண் குழந்தை பிறந்ததற்காகத் தாயைக் குறை சொல்லிய வீடுகளை நீயும் அறிவாய். ஸ்கேன் எடுக்கும்போது பாலினத்தைக் கேட்பதும் சொல்வதும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதை, யாராவது உன்னைத் தூண்டினால் நினைவூட்டு.

முதல் வாரம் முழுவதும் கரு பயணத்தில் இருக்கிறது. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகப் பிரிந்தபடியே கருக்குழாய் வழியாகக் கருப்பையை அடைந்து, ஆறாம் நாள் வாக்கில் அதன் சுவரில் பதியத் தொடங்குகிறது. அதற்குள் உயிரணுக்களிடையே வேலைப் பிரிவினை நடந்துவிடுகிறது: உள்ளே திரண்டிருப்பவற்றிலிருந்து குழந்தை, வெளிச்சுற்றில் இருப்பவற்றிலிருந்து நஞ்சுக்கொடி. நீ வீட்டிலேயே செய்துபார்த்த பரிசோதனை, அந்த வெளிச்சுற்று சுரந்த ஹார்மோனைத்தான் கண்டுபிடித்தது.

மூன்றாம், நான்காம் வாரங்களைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும். கரு அப்போது மூன்று அடுக்குகள் கொண்ட ஒரு தகடு. மேலடுக்கிலிருந்து தோலும் நரம்பு மண்டலமும், நடு அடுக்கிலிருந்து எலும்பும் தசையும் இதயமும் சிறுநீரகமும், கீழடுக்கிலிருந்து குடலின் உள்வரியும் நுரையீரலின் உள்வரியும் வருகின்றன. மேலடுக்கின் நடுப்பகுதி, பாயைச் சுருட்டுவதுபோல இரு ஓரங்களும் எழுந்து கூடி, ஒரு குழலாகிறது. அதன் முன்பகுதி மூளை, மற்றது தண்டுவடம். அந்தக் குழல் 28-ஆம் நாளுக்குள் இரு முனைகளிலும் மூடிவிட வேண்டும். மூடாவிட்டால் தண்டுவடம் திறந்த நிலையில் குழந்தை பிறக்கும். இதைத் தடுப்பதில் பெரும்பங்கு வகிப்பது ஃபோலிக் அமிலம். ஆனால் 28-ஆம் நாள் என்பது, மாதவிலக்கு தள்ளிப்போயிருப்பதைப் பல பெண்கள் அப்போதுதான் கவனித்து மருத்துவரிடம் செல்ல நினைக்கும் காலம். அதனால்தான் கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் எடுக்கச் சொல்கிறார்கள். நீ முன்கூட்டியே தொடங்கியிருந்தாய் என்று அம்மா சொன்னபோது, அந்தப் பட்டியலில் இல்லாத, ஆனால் முதலிடத்தில் இருந்திருக்க வேண்டிய ஒன்றை நீயே செய்துவிட்டாய் என்று மகிழ்ந்தேன்.

இதே காலத்தில், ஏறத்தாழ 22-ஆம் நாள், இதயம் துடிக்கத் தொடங்குகிறது. அப்போது அதற்கு அறைகளும் இல்லை, வால்வுகளும் இல்லை; வெறும் குழாய். அது துடித்துக்கொண்டே வளைந்து, தடுப்புச் சுவர்கள் எழுப்பி, ஒரு நாள்கூட வேலையை நிறுத்தாமல் நான்கு அறைகளாகிறது.

காலக் கணக்கின் கொடுமையை உலகம் கற்றுக்கொண்டது தாலிடோமைடு என்ற மருந்தால். மேற்கு ஜெர்மனியில் 1957-ல் விற்பனைக்கு வந்த அந்தத் தூக்க மாத்திரை, கர்ப்பிணிகளின் குமட்டலுக்கும் தரப்பட்டது. 1961 இறுதியில் திரும்பப் பெறப்படுவதற்குள் உலகெங்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் குறைவு உள்ளிட்ட ஊனங்களுடன் பிறந்தனர். கருவுற்ற 20-ஆம் நாளுக்கும் 36-ஆம் நாளுக்கும் இடைப்பட்ட சில நாட்களில் அதை உட்கொண்டவர்களின் குழந்தைகளே பெரும்பாலும் பாதிக்கப்பட்டனர். எந்த நாளில் உட்கொண்டார்கள் என்பதைப் பொறுத்துக் காது, கை, கால் என்று பாதிப்பின் இடமும் மாறியது. அமெரிக்காவில் அம்மருந்துக்கு அனுமதி தர மறுத்து நின்ற அதிகாரி ஃபிரான்சிஸ் கெல்சியை நான் வகுப்பில் ஆண்டுதோறும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதுண்டு. மருத்துவரைக் கேட்காமல் எந்த மாத்திரையும் எடுக்காதே என்ற பெரியம்மாவின் வரிக்கு, ஆகவே, என் முழு ஆதரவு.

ஆனால் கிரகணம் வேறு. கிரகணத்தன்று கர்ப்பிணி வெளியே வந்தாலோ கத்தியைத் தொட்டாலோ குழந்தையின் உதடு பிளந்துவிடும் என்கிறார்கள். முகத்தின் இரு பக்கங்களிலிருந்தும் நடுவிலிருந்தும் வளரும் மேடுகள் கூடித்தான் மேலுதடு உருவாகிறது. அது ஏழாம் வாரத்துக்குள் முடிந்துவிடும். அண்ணம் மூடுவதும் பன்னிரண்டாம் வாரத்தைத் தாண்டாது. ஒட்டிய உதட்டை ஏழாம் மாதத்தில் வரும் நிழல் எப்படிப் பிரிக்கும்? உன் குழந்தையின் மேலுதடு இந்நேரம் கூடிவிட்டது. கண்ணைக் காத்துக்கொண்டு கிரகணத்தைப் பார்.

எட்டாம் வார முடிவில், அதாவது இப்போது, குழந்தை ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர் நீளம். முக்கிய உறுப்புகள் அனைத்தும் தொடங்கப்பட்டுவிட்டன. விரல்களுக்கு இடையிலிருந்த சவ்வில் உயிரணுக்கள் தாமாகவே மடிந்து விரல்கள் பிரிந்துவிட்டன. இனி வருவது பெரும்பாலும் வளர்ச்சியும் முதிர்ச்சியும். குழந்தை இப்போதே அசைகிறது என்றாலும், முதல் கர்ப்பத்தில் மருத்துவர் கணக்கின் 18 முதல் 20 வாரம் வரை உனக்கு அது தெரியாது. அதற்கு முன் தெரியவில்லை என்று கவலைப்படாதே. அதே காலத்தில் எடுக்கும் ஸ்கேனைத் தவறவிடாதே. இதயத்தின் அறைகளையும் தண்டுவடத்தையும் அதில்தான் தெளிவாகப் பார்ப்பார்கள். ஆறாம் மாத வாக்கில் காது கேட்கத் தொடங்கும். வளைகாப்பின் வளையல் ஒலி குழந்தைக்காகவே முன்னோர் வகுத்தது என்று மேடைகளில் சொல்வது எனக்கு மிகையாகத் தோன்றும். ஆனால் உன் குரல் அதற்குக் கேட்கும் என்பது மெய்.

நுரையீரல்தான் கடைசியில் ஆயத்தமாகும். அதன் நுண்ணறைகள் மூச்சை விடும்போது ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு வழுவழுப்பான பொருள் சுரக்க வேண்டும்; அது போதிய அளவு சேர, மருத்துவர் கணக்கில் 35 வாரம் போல ஆகிறது. நியூசிலாந்தின் கிரஹாம் லிகின்ஸ், பிரசவம் எதனால் தொடங்குகிறது என்று செம்மறி ஆடுகளில் ஆராய்ந்துகொண்டிருந்தபோது, ஸ்டீராய்டு பெற்ற ஒரு குறைமாதக் குட்டி, பிழைக்கவே கூடாத நிலையில் மூச்சுவிட்டதைக் கவனித்தார். ராஸ் ஹோவியுடன் சேர்ந்து தாய்மார்களிடம் அவர் செய்த ஆய்வு 1972-ல் வெளிவந்தது. குறைமாதப் பிரசவ அபாயம் உள்ளவர்களுக்கு இன்று போடும் ஊசி அங்கிருந்து வந்ததுதான். ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டு யாரும் உன்னைப் பயமுறுத்தாமலிருக்கவே இதை எழுதுகிறேன்.

பிறந்த அந்தச் சில நிமிடங்களில் நடப்பது எனக்கு இன்றும் வியப்பு. கருப்பையில் நுரையீரலுக்கு வேலை இல்லை; ஆகவே இதயத்தின் மேலறைகளுக்கு இடையே ஒரு திறப்பும், வெளியே ஒரு குறுக்குக் குழாயும் இரத்தத்தை அதைத் தவிர்த்துச் செல்ல விடுகின்றன. முதல் மூச்சில் நுரையீரல் விரிந்ததும் அழுத்தம் மாறி அந்தத் திறப்பின் கதவு சாத்திக்கொள்கிறது. குழாய் அடுத்த ஓரிரு நாட்களில் சுருங்கிவிடுகிறது. நம்மில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு அந்தக் கதவு முழுமையாக ஒட்டுவதில்லை, பெரும்பாலோர் அதை அறியாமலே வாழ்ந்து முடிக்கிறார்கள்.

பட்டியலின் கடைசி வரி, பிறந்த குழந்தையின் தலையை எண்ணெய் வைத்து அழுத்தி உருண்டையாக்குவது. மண்டை எலும்புகள் ஒட்டாமல் இருப்பது பிறப்பு வழியில் நெருங்கி வெளிவருவதற்காகத்தான். நீண்டு தோன்றும் தலை சில நாட்களில் தானே சீராகும், உச்சிக்குழி ஒன்றரை வயதுக்குள் மூடும். யாரும் அழுத்த வேண்டியதில்லை. இதைப் பெரியம்மாவிடம் சொல்லும் பொறுப்பை என்னிடம் விட்டுவிடு. மற்றவற்றை நீயும் மாப்பிள்ளையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அப்பா