கிணற்றில் நீந்தியவன்

கிருஷ்ணகிரி,
டிசம்பர் 11

அன்புள்ள நண்பா,

இங்கே எல்லோரும் நலம். என் முழங்கால் மட்டும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. மாமரங்களில் இந்த வருஷம் பூ முந்திக்கொண்டது, பனியில் கருகாமல் இருந்தால் சரி. உன் பேத்தி கல்யாணத்துக்குக் கட்டாயம் வருவேன்.

நீ கேட்ட போட்டோ கிடைத்துவிட்டது. நம் கூட்டாளி கடற்படையில் சேர்ந்து முதல் லீவில் வந்தபோது பழையபேட்டையில் எடுத்தோமே, அதுதான். நடுவில் வெள்ளைச் சீருடையில் அவன், இரண்டு பக்கமும் எண்ணெய் வழியும் தலையோடு நாம். ஓரத்தைக் கரையான் அரித்து, உன் தோளில் பாதியைக் காணோம். அவன் முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

முந்தாநாள் டிசம்பர் 9. போன பிப்ரவரியில் மகன் சோமநாத் கூட்டிப் போனான் என்று எழுதினேன் அல்லவா? அங்கிருந்து டையூவுக்கும் போனோம், அதை உனக்கு எழுதவில்லை. கடலோரத்து மேட்டில் கண்ணாடிக் கூண்டுக்குள், அவன் வேலை பார்த்த குக்ரி போர்க்கப்பலின் சின்ன உருவம் வைத்திருக்கிறார்கள். அதற்குள்ளா அவன் இருந்தான் என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

பம்புசெட் கிணறு நினைவிருக்கிறதா? நமக்கெல்லாம் மாசக்கணக்கில் முதுகில் சுரைக்குடுக்கை. அவன் இரண்டே நாளில் அவிழ்த்துப் போட்டான். பத்துப் பைசாவை உள்ளே விட்டெறிந்தால் முங்கி, பல்லில் கடித்துக்கொண்டு மேலே வருவான். கே.ஆர்.பி. அணையைத் தாண்டிப் பெரிய தண்ணீர் பார்க்காத ஊர் நம்முடையது. தண்ணீரில் சாவு என்றால் நீச்சல் தெரியாதவனுக்குத்தான் என்று நினைத்திருந்தோம்.

டையூவில் ஓய்வுபெற்ற கடற்படைக்காரர் ஒருவர் விவரமாகச் சொன்னார். குக்ரியும் கிர்பானும் நீர்மூழ்கியைத் தேடித்தான் போயிருக்கின்றன. ஆனால் பாகிஸ்தானின் ஹாங்கோர் நீர்மூழ்கி முந்திக்கொண்டது. 1971 டிசம்பர் 9, இரவு எட்டே முக்கால் வாக்கில் டார்பிடோ அடித்து, சில நிமிடங்களில் கப்பலே முழுகிப்போனது. செத்தது 18 அதிகாரிகள், 176 மாலுமிகள். கேப்டன் முல்லா தப்பிக்கப் பார்க்காமல் கப்பலோடு போனார். அவருக்கு மகாவீர் சக்ரா கொடுத்தார்கள்.

நம் ஆள் ஸ்டோக்கர், எஞ்சின் ரூமில் வேலை. “எஞ்சின் ரூம் செங்கல் சூளை மாதிரி கொதிக்குதுடா” என்று எழுதியிருந்தானே. அடித்தளத்தில் இருந்தவர்களுக்கு ஏணி ஏறக்கூட நேரம் இருந்திருக்காது என்றார் அவர். அவன் கற்ற நீச்சலுக்கு அங்கே வேலையே இல்லை.

அப்புறம் ஒன்று. இத்தனை வருஷமும் உன்னிடம்கூட இதைச் சொன்னதில்லை. தந்தி வந்த அன்று அவன் அம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அழுகை இல்லை. என்ன சொல்வதென்று தெரியாமல், “நல்லா நீந்துவானேம்மா, எங்கியாச்சும் கரை ஏறியிருப்பான்” என்றேன். எனக்கு அப்போது இருபது வயசு, வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அந்த அம்மா அதைப் பிடித்துக்கொண்டார். கருமாதி செய்ய விடவில்லை. பங்காளிகள் எவ்வளவோ பேசிப் பார்த்தார்கள். “நீஞ்சத் தெரிஞ்ச பையன்” என்ற ஒரே பதில். ராத்திரி தாழ்ப்பாள் போடாமலே படுத்தார், சாகும்வரைக்கும்.

போட்டோவைப் பிரதி எடுத்து அனுப்புகிறேன். உன் தோளைக் கம்ப்யூட்டரில் வரைந்து சேர்க்கட்டுமா என்று ஸ்டூடியோ பையன் கேட்டான், வேண்டாம் என்றுவிட்டேன். சட்டம் போட்டு மாட்டினால் பொட்டு வைக்காதே, மாலையும் வேண்டாம். அந்த அம்மா கடைசிவரை போடவில்லை.

அன்புடன்,
உன் பழையபேட்டை நண்பன்