மாமியாரைக் கொஞ்ச நேரம் வெளியே இருத்துங்கள்

வடமாகாண சுகாதாரத் துறைக்கும், வன்னியில் தாய்மார் கிளினிக் நடத்துகிற வைத்திய அதிகாரிகளுக்கும் குடும்பநல மாதுக்களுக்கும்,

வணக்கம். துணுக்காய்ப் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். நிறை, பிரஷர், இரத்தம் எல்லாம் பார்க்கிறீர்கள், திரிபோஷா சத்துமா வந்தால் தருகிறீர்கள், அதில் குறை சொல்ல வரவில்லை. ஆனால் இந்தப் பிள்ளையை எதிர்பார்த்து இருந்தாயா, தெரியாமல் தங்கிவிட்டதா என்று ஒருத்தியிடமாவது தனியாகக் கேட்டிருக்கிறீர்களா? பக்கத்தில் மாமியார், பின்னால் நீண்ட வரிசை, கேட்டாலும் அவள் தலையை ஆட்டிவிட்டுப் போவாள்.

எதிர்பாராமல் கர்ப்பமானவளுக்கு மனச்சோர்வு வரும் ஆபத்து அதிகம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. வளர்முக நாடுகளில் பிள்ளை பெற்றவர்களில் 100க்கு ஏறக்குறைய 20 பேருக்கு மனநலப் பிரச்சினை, பெரும்பாலும் மனச்சோர்வு, வருவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எங்கள் ஊரில் அதற்குச் சோம்பல், கொழுப்பு, பேய் பிடித்தது என்று பல பெயர். முப்பத்தொன்று கழியும் வரை வீடு நிறையச் சனம், சரக்குக் கறி, பத்தியம், அப்புறம் புருசன் வேலைக்குப் போய்விட அவளும் அழுகிற பிள்ளையும்தான்.

இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவைப்படி தாயின் உயிரைக் காக்க மட்டுமே கருவைக் கலைக்கலாம். அந்தச் சட்டத்தை நீங்கள் மாற்ற முடியாது, சரி. கருத்தடை பற்றியாவது பேசலாம் என்றால் அங்கேயும் பயம். 2013இல் கிளிநொச்சி மாவட்டத்து வேரவில், கிராஞ்சி, வலைப்பாட்டில் பிள்ளைகளுக்கு நிறை பார்க்க என்று கூப்பிட்டுத் தங்கள் கைத்தோலுக்கு அடியில் கருத்தடைக் குச்சி வைத்ததாகப் பெண்கள் முறையிட்டார்கள், அதை வன்னி இன்னும் மறக்கவில்லை. அதனால் எது, எவ்வளவு காலம், எப்போது எடுத்துவிடலாம் என்று முதலில் விளக்குங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். உறவுக்குப் பிறகு 72 மணி நேரத்துக்குள் போடும் அவசரக் கருத்தடைக் குளிசையைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்லுங்கள், ஃபார்மசியில் கேட்க வெட்கப்படுகிறவர்களே அதிகம்.

மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்கிற எடின்பரோ படிவத்தின் 10 கேள்விகளைப் பிள்ளை பிறந்த பிறகு மட்டும் இல்லாமல், கர்ப்பத்தைப் பதிய வரும்போதும் கேளுங்கள். பத்தாவது கேள்வி தன்னைத்தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது, அதை வரிசையில் நிற்கவைத்துக் கேட்க வேண்டாம், ஒரு திரையும் இரண்டு கதிரையும் போட்டால் போதும். ஆம் என்றால் அன்றைக்கே வைத்தியரிடம் காட்டுங்கள். 1926 என்ற மனநல உதவி இலக்கத்தைக் கிளினிக் அட்டையிலேயே பெரிதாக எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
துணுக்காய்ப் பக்கத்துத் தாய் ஒருத்தி